சாலமோனின் நரி

அன்றைக்கும் மவுஸ் பிசுபிசுத்தது. ஏஞ்சலின் கைப்பையிலிருந்து ஈரத்துணியை எடுத்தாள். வேபிரிட்ஜ் ரூமுக்குள் காலையில் நுழைந்ததும் அவள் செய்கிற முதல் வேலை அதுதான். ராத்திரி முழுக்க ஜெகன் கை வைத்திருந்த மவுஸ். மிக்சர் எண்ணெய், புகையிலைத் தூள், அவன் தலையில் அப்பிக்கொள்கிற ஏதோ ஒரு வாசனைப் பசை, மூன்றும் சேர்ந்து அதன் முதுகில் மெல்லிய தோல் போலப் படிந்திருக்கும். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் முறுக்குத் துகளோடு நகத் துணுக்குகளும் விழும். அவன் நகத்தைப் பல்லால் கடித்து அங்கேயே துப்புகிறவன். ஒருநாள் ஸ்பேஸ் பாரின் இடுக்கில் பாதி மென்ற பாக்கு கிடந்தது. அதைத் தீக்குச்சியால் குத்தி எடுத்துப் போட்டவளுக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்குகிற ஆலை அது. இரும்பு ஏற்றி வருகிற லாரி கேட்டுக்கு உள்ளே வந்ததும் எடை மேடையில் ஏறி நிற்க வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரூம், அதில் ஒரு கம்ப்யூட்டர். லாரி நம்பரையும் எடையையும் ஆன்லைனில் ஏற்றிச் சீட்டு எடுத்துக் கொடுப்பது வேலை. ஜன்னலைத் திறந்தால் துருத்தூள் உள்ளே வரும், மூடினால் வேர்க்கும். ஒரே கம்ப்யூட்டர், ஒரே நாற்காலி. மூன்று ஷிப்டுக்கு மூன்று ஆள் இருந்தார்கள். காலையில் ஏஞ்சலின், மதியம் அவள் புருசன் சாலமோன், ராத்திரி ஜெகன்.

புருசனும் பெண்டாட்டியும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்து எட்டு வருடம் ஓடியிருந்தது. யாராவது ஒருத்தர் வீட்டில் மகளோடு இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டு வாங்கின ஷிப்டு. மதியம் இரண்டு மணிக்கு அவள் எழுந்திருப்பாள், அவன் உட்காருவான். நாற்காலி சூடாக இருக்கும். “அடுப்பு மாதிரி கீற” என்பான். ஒரு நாளில் அவர்கள் இரண்டு பேரும் நிம்மதியாகப் பேசிக்கொள்கிற நேரம் அதுதான்.

ஆளுக்கு ஒரு பிரவுசர் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தவன் சாலமோன். ஒரு தடவை ஜெகன் தன் லாகினை மூடாமல் போய்விட்டான். ஏஞ்சலின் அதைக் கவனிக்காமல் காலை முழுக்கச் சீட்டுப் போட்டிருக்கிறாள். எல்லாம் ஜெகன் பேரில் விழுந்துவிட்டது. அதில் ஒரு லாரியின் எடை தகராறாகி, ஊரில் தூங்கிக்கொண்டிருந்த ஜெகனைக் கூப்பிட்டு மேலிடம் கேள்வி கேட்டது. அன்றைக்கு சாலமோன் சொன்னான், கம்ப்யூட்டரைப் பிரிக்க முடியாது, பிரவுசரைப் பிரித்துக்கொள்ளலாம் என்று.

ஜெகன் எட்ஜை எடுத்துக்கொண்டான். கம்ப்யூட்டரோடு கூடவே வந்தது. தேடிப் போய் இறக்க வேண்டியதில்லை. அவனுக்கு அதற்கு மேல் காரணம் தேவைப்படவில்லை. ஏஞ்சலின் குரோமை எடுத்துக்கொண்டாள். அவள் போனிலும் அதுதான். எல்லாவற்றையும் நினைவு வைத்துக்கொள்ளும். முதல் எழுத்தை அடித்தால் மீதியை அதுவே எடுத்துக் கொடுக்கும், பாஸ்வேர்டை அதுவே போட்டுக்கொள்ளும். சாலமோன் எடுத்தது பயர்பாக்ஸ். அதன் படத்தில் வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு ஆரஞ்சு நிற நரி இருப்பதால், ஆலையில் அதற்கு நரி என்றே பேர் ஆகிவிட்டது.

அந்த நரியை அவன் தன் இஷ்டத்துக்கு வளைத்து வைத்திருந்தான். கண்ணாடி வாங்காமல் காலம் தள்ளினவன், அதனால் எழுத்தெல்லாம் பெரிதாகத் தெரியும்படி செய்திருந்தான். இன்னொன்றும் செய்திருந்தான். அதை மூடினால், அதுவரை பார்த்ததை எல்லாம் அது அழித்துவிடும். மறுபடி திறந்தால் வெறும் வெள்ளைத் திரை.

“யோவ், இன்னாய்யா எழுத்து இது, கட்சி பேனர் மாதிரி? மேடையில நிக்கிற லாரிக்காரன் கூட படிப்பான்.”

“படிக்கட்டுமே. என்னாண்ட இன்னா ரகசியம் கீது?”

“ரகசியம் இல்லேன்னா எதுக்கு மூடுனதும் அழிக்கிற? தெனமும் பாஸ்வேர்டு அடிச்சிக்கினு. பேஜாரா இல்ல?”

“குடிச்ச டம்ளர கழுவி கவுத்து வெக்கிறது பேஜாராடி? உன்னுதுல நேத்து டீ, முந்தாநேத்து டீ எல்லாம் அப்டியே அடியில கீது. அதுலயே மேல மேல ஊத்தி குடிக்கிற. உவ்வே.”

“உன்னுது ஒரு பிரவுசரு. ஒண்ணுத்தையும் ஞாபகம் வெச்சிக்காத மங்குனி.”

“அதான் எனக்கு புடிச்சிகீது. அதனாண்ட சண்டையே வராது பாரு.”

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அந்தப் பிரிவினையோடு இன்னொரு வழக்கமும் வந்துவிட்டது. ஷிப்டு மாறும்போது, எழுந்திருக்கிறவர் அடுத்தவர் கண்முன்னால் தன் பிரவுசரை மூடிவிட்டு எழுந்திருக்க வேண்டும். அடுத்தவருடையதைத் தொடக் கூடாது. யாரும் எழுதி ஒட்டவில்லை. பக்கத்தில் இருக்கிறவரின் டிபன் டப்பாவைத் திறக்க மாட்டோம் இல்லையா, அப்படி.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சுக்குப் புறப்பட்டு, பைக் டயரில் காற்று இருக்கிறதா என்று குனிந்து அழுத்திப் பார்த்த சாலமோன் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். ஆஸ்பத்திரியில் இதயம் என்றார்கள். வெள்ளைச் சட்டையின் தோள்பட்டையில் டயர் மண் ஒட்டியிருந்தது. ஏஞ்சலின் அதைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

கம்பெனி அவன் இடத்துக்கு ஆள் போடவில்லை. இருக்கிற இரண்டு பேர் பகல் ஒன்று, இரவு ஒன்று என்று பன்னிரண்டு மணி நேரம் பார்த்தால் போதும் என்றுவிட்டது. அவளும் மறுக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது?

ஆனால் அவள் பிரவுசர் அவளை விடவில்லை. மாதவரம் போகிற பஸ் நேரம் பார்க்கலாம் என்று ‘மா’ என்று அடித்தால், ‘மாரடைப்பு வந்தால் என்ன செய்ய வேண்டும்’ என்று முந்திக்கொண்டு வந்து நின்றது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் போகும்போதே போனில் அடித்துத் தேடினது. அது இங்கேயும் வந்து உட்கார்ந்திருந்தது. முப்பதாம் நாள் ஜெபத்துக்கு அட்டை அச்சடிக்க ஒரே ஒரு தடவை விலை பார்த்தாள். அப்புறம் செய்தி படிக்கப் போனாலும் ஓரத்தில் கண்ணீர் அஞ்சலி அட்டை. சமையல் குறிப்புக்குப் போனாலும் மாலை போட்ட போட்டோ பிரேம், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். இரண்டு வாங்க அவள் வீட்டில் இன்னும் யார் சாக வேண்டும்? வாயில் உப்புநீர் ஊறும் அவளுக்கு. எழுந்து போய் வெளியே துப்பிவிட்டு வருவாள்.

நரிப் பக்கம் மட்டும் அவள் கண் போகவில்லை. திரையின் அடியில், மூன்றாவதாக, அது உட்கார்ந்தே இருந்தது. அதைப் பார்த்தால் அன்றைய வேலை ஓடாது என்று தெரிந்து, கீழ்க் கோடி வரை பார்வையை இறக்காமலே சீட்டுப் போடப் பழகிக்கொண்டாள்.

புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூசை வந்தது. கேட் ஆபீசரான பரசுராமன் சார் தன் கையாலேயே கம்ப்யூட்டரை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, திரையைத் துடைத்து, மேல் விளிம்பில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தார். எடை மேடைக்கு முன்னால் பூசணிக்காய் உடைத்தார்கள். விடுமுறை முடிந்து வந்து ஒயரை மாட்டினபோது சாமந்தி வாடிக் கிடந்தது. அந்தப் பொட்டை யாரும் துடைக்கவில்லை. சந்தனம் காய்ந்து வெடித்து, தேமல் மாதிரி அங்கேயே இருந்தது.

மழை தொடங்கின பிறகு கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தது. ஒரு சீட்டுக்கு ஐந்து நிமிடம் சுற்றியது. திரையின் மூலையில் திடீர் திடீரென்று உடனடிக் கடன் என்று ஒரு பெட்டி குதித்தது. ஒருநாள் யாரும் எதையும் தொடாமலே ஸ்பீக்கரில் ஒரு பெண் சிரித்தாள். லாரிகள் மெயின் ரோடு வரைக்கும் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் வந்து ஜன்னலைத் தட்டினார்கள். பரசுராமன் சார் மெட்ராஸ் ஆபீசுக்குப் போன் போட்டார்.

மறுநாள் சாயங்காலம், ஷிப்டு மாறுகிற நேரத்துக்கு, கம்ப்யூட்டர் பார்க்கிற குணா வந்து சேர்ந்தான். ஒல்லியான ஆள். ஹெல்மெட்டை மேசை மேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். ஏஞ்சலின் பக்கத்தில் நின்றாள். பரசுராமன் சார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். ராத்திரி ஷிப்டுக்கு வந்திருந்த ஜெகன், கேண்டீனிலிருந்து நாலு கிளாசில் டீ கொண்டு வந்தான்.

குணா அவளுடைய குரோமைத் திறந்து பார்த்தான். ஜெகனின் எட்ஜைத் திறந்து பார்த்தான். “ரெண்டும் சுத்தமாத்தான இருக்கு” என்றான். அப்புறம் அடியில் இருந்த நரியைப் பார்த்தான். “இது தொறந்தே இருக்கே. கீழ எறக்கி வெச்சிருக்கு” என்று சொல்லிக்கொண்டே அழுத்தினான்.

திரை முழுக்க உடம்புகள். தலை இல்லை, முகம் இல்லை, கறிக்கடையில் தோலை உரித்துத் தொங்கவிட்டது போல உடம்புகள். ஒன்றை மூடப் போனால் இன்னொன்று வந்தது. அதே சிரிப்பு ஸ்பீக்கரில் வந்தது. குணா அவசரமாகச் சத்தத்தைக் குறைத்தான். 

“இது யாருது?” என்று குணா கேட்டான்.

ஜெகன்தான் சொன்னான், தரையைப் பார்த்துக்கொண்டு, மெதுவாக.

“அது வந்து... சாலமோன் அண்ணனுது சார். எறந்துட்டாரு.”

“அடப் பாவமே” என்றார் பரசுராமன் சார். தலையில் கை வைத்துக்கொண்டார். “தம்பி, இத்தோட உட்டுடு. மேல எதுவும் எழுதாத. போன மனுசன பத்தி நாம பேசக் கூடாது.” அவள் பக்கம் திரும்பினார். குரலைக் குழைத்துக்கொண்டார். “நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காதம்மா. ஆம்பளன்னா அப்டி இப்டித்தான் இருப்பான். உன்ன நல்லாத்தான வெச்சிருந்தாரு? அத்த மட்டும் நெனச்சிக்கோ.”

“ஆமாக்கா” என்றான் ஜெகன். “அண்ணன் தங்கமான மனுசன். இந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு விஷயமா? டீ ஆறுது, எடுத்துக்கோ.”

அவன் நீட்டின கிளாசின் விளிம்புக்கு உள்ளே அவன் கட்டைவிரல் டீயில் நனைந்துகொண்டிருந்தது. அவள் அந்த விரலையே பார்த்தாள். வாங்கவில்லை.

குணா கடிகாரத்தைப் பார்த்தான். “இப்ப முடியாது. காலைல வந்து மொத்தத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுடறேன். நைட்டு யாரும் தொட வேணாம், சீட்ட கையால எழுதிக்கங்க.” அப்படியே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிவிட்டு ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டான்.

ஷேர் ஆட்டோவில் புதுவாயல் வரை வருகிற வழியில், பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆம்பளைகளின் கைகளை அவள் பார்த்துக்கொண்டே வந்தாள். கிரீஸ் படிந்த கை, மோதிரம் போட்ட கை, மொபைலில் எதையோ மேலே மேலே தள்ளிக்கொண்டிருந்த கை. இதில் எந்தக் கை எதைத் தொட்டிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எட்டு வருடம் மதியம் இரண்டு மணிக்குத் தான் எழுந்து கொடுத்த நாற்காலி. தினம் தினம் வெள்ளையாக இருந்த அந்தத் திரை. ரகசியம் இல்லையென்றால் எதற்கு அழிக்கிற என்று விளையாட்டாகத்தானே கேட்டாள். அதற்கு அவன் பதில் சொல்லவில்லை, டம்ளர் கதை சொன்னான். அந்த டம்ளரில் என்ன இருந்தது? கேள்வி எழுந்ததும் அதன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது புதுவாயல் வரைக்கும் கூடவே வந்தது.

வீட்டில் நுழைந்ததும் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினாள். துடைத்துவிட்டு மறுபடி போய்க் கழுவினாள். டிவிக்கு மேலே சாலமோனின் படம் இருந்தது. அதற்குப் பூ வைப்பது சாயங்கால வேலை. வாங்கி வந்த பூவைச் சமையல் மேடையில் போட்டுவிட்டு, படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்தாள்.

மகன் போன பிறகு பேத்திக்குத் துணையாக வந்து இருக்கிற மாமியார் மேரி அதைக் கவனித்துவிட்டாள். “இன்னாடி, எம் புள்ள உன்ன இன்னா செஞ்சான்? அவனாண்ட மூஞ்சி குடுக்காம போற?”

“ஒண்ணுல்ல அத்த. வெங்காயம் கண்ண எரியுது.”

“வெங்காயம் இப்பத்தான உரிக்கிற. நீ வரும்போதே மூஞ்சி அப்டித்தான் கீது.”

ஏஞ்சலின் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். பூவை அன்றைக்கு மேரிதான் வைத்தாள். பரசுராமன் சார் மன்னித்துவிட்டார், ஜெகன் மன்னித்துவிட்டான், தான்தான் மன்னிக்க வேண்டியது பாக்கி போலிருக்கிறது என்று நினைத்தவள், சோற்றுப் பானையைத் திறக்காமலே படுத்துக்கொண்டாள்.

காலையில் அவள் போனபோது ஜெகன் மேசையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் காலை இறக்கினான். “வாக்கா. சீட்டு எழுதி எழுதி வெரல் ஒடிஞ்சி போச்சு.” சிரித்தான். குணாவும் பரசுராமன் சாரும் வருகிறவரை அவன் வீட்டுக்குப் போவதாக இல்லை.

அவள் வழக்கப்படி துணியை நனைத்தாள். மவுஸைத் துடைத்தாள். கீபோர்டைத் தட்டினாள். இன்றைக்குக் கை அதோடு நிற்கவில்லை. அந்தத் திரையையும் துடைக்க வேண்டும் போல இருந்தது. பூட்டினபடி வெளிச்சம் இல்லாமல் கிடந்த கறுப்புக் கண்ணாடியை ஒரு மூலையிலிருந்து அழுத்தித் தேய்த்துக்கொண்டே போனாள். மேல் விளிம்பில் துணி தட்டுப்பட்டது. காய்ந்த சந்தனம். தேய்க்கத் தேய்க்கப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. நடுவில் குங்குமம் இன்னும் சிவப்பாக இருந்தது.

அவள் கை நின்றது.

பூசைக்கு இதை அணைத்தார்கள். ஒயரைப் பிடுங்கிப் போட்டார்கள். சாலமோன் அப்போது கல்லறையில் இருந்தான்.

மீதிப் பொட்டைத் துடைக்காமல் துணியை மடித்து வைத்தாள். பரசுராமன் சாரோடு குணா உள்ளே வந்து, அவளைத் தாண்டி உட்கார்ந்து, பூட்டைத் திறந்தான். நேற்று விட்ட இடத்தில் அந்த உடம்புகள் அப்படியே இருந்தன. பரசுராமன் சார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சார், ஒரு நிமிசம்” என்றாள். “அந்த நரிய மூடுங்க.”

“அழிக்கத்தான போறேன்மா.”

“அழிக்கறதுக்கு முந்தி மூடுங்க. மூடிட்டு மறுபடி தொறங்க.”

“ஆமா சார், மூடிடுங்க” என்றான் ஜெகன் ஆர்வமாக. “பாவம், அக்கா எத்தினி தபா இத்த பாக்கும்.”

குணா மூடினான், திறந்தான். வெள்ளைத் திரை. நடுவில் தேடுகிற கட்டம், அதில் கட்சி பேனர் மாதிரி பெரிய எழுத்து. அவ்வளவுதான். குணா முகத்தைச் சுளித்தான். பழையது எங்கேயாவது பதிந்திருக்கிறதா என்று தேடினான். ஒன்றும் இல்லை. செட்டிங்ஸ் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் துழாவினான்.

“ஓ, மூடுனா எல்லாத்தையும் அழிக்கிற மாதிரி டிக் பண்ணி வெச்சிருக்காரு. இதுல எதுவும் தங்காது.”

“அப்ப கம்ப்யூட்டர அணைச்சா?”

“அணைச்சாலும் அதேதான். எல்லாம் போயிடும்.”

ஏஞ்சலின் பரசுராமன் சார் பக்கம் திரும்பினாள். “சார், பூசைக்கு இத்த அணைச்சி பொட்டு வெச்சது யாரு?”

“நான்தாம்மா.”

“எங்க ஊட்டுக்காரரு அப்ப எங்க இருந்தாரு?”

“அவரு போயி ஒரு மாசத்துக்கு மேல...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். திரையைப் பார்த்தார், விளிம்பில் பாதி உதிர்ந்த பொட்டைப் பார்த்தார். வெளியே ஒரு லாரி ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. குணா நாற்காலியோடு மெதுவாகத் திரும்பினான். இரண்டு பேரும் ஜெகனைப் பார்த்தார்கள்.

அப்போதுதான் ஜெகனுக்கு உறைத்தது. அவள் மூடச் சொன்னதற்கு ஒத்து ஊதினவன் அவன். மூடினதும் எல்லாம் தொலைந்தது என்று மூச்சு விட்டவன் அவன். அவன் முகத்தில் எண்ணெய் மாதிரி வேர்வை பொங்கியது.

“எதுக்குடா அவருத எடுத்த?” என்று அவள் கேட்டாள். “உனக்குத்தான் ஒண்ணு கீதே?”

“அக்கா, சத்தியமா...”

“எதுக்கு எடுத்தன்னு கேட்டேன்.”

“அவருதுன்னா யாரும் தொறந்து பாக்க மாட்டாங்கன்னு.”

“மூடிட்டாவது போயிருக்கலாம்ல?”

“மூடுனா போயிடுதுக்கா. மறுநாளு மறுபடி தேடணும். அதான் கீழ எறக்கி...” சொல்ல ஆரம்பித்தவனுக்கே அதன் அசிங்கம் காதில் விழுந்திருக்க வேண்டும். நிறுத்திக்கொண்டான்.

ஒவ்வொரு நாளும் காலையில் அவள் வந்து நிற்கும்போது, தன் எட்ஜை அவள் கண்முன்னால் மூடிவிட்டு நல்ல பிள்ளையாக எழுந்திருப்பான். அதற்கு அடியில் இது திறந்தே கிடந்திருக்கிறது. புருசன் பேரைப் போர்த்திக்கொண்டு. அவள் அதன் மேல்தான் பகல் முழுக்கச் சீட்டுப் போட்டிருக்கிறாள்.

“டேய், நாயே” என்றார் பரசுராமன் சார். கையை ஓங்கினார், இறக்கினார். அப்புறம் அவளைப் பார்த்து அதே குழைந்த குரலை எடுத்துக்கொண்டார். “சின்னப் பையன்மா. கல்யாணம் ஆவல. ராத்திரி பூரா தனியா உக்காந்துகினு இருக்கான். நான் கண்டிக்கிறேன். நம்ம நாலு பேரோட இது போவட்டும், இன்னா சொல்ற?”

செத்தவனுக்கு நேற்று ஒரு காரணம், உயிரோடு இருக்கிறவனுக்கு இன்றைக்கு ஒரு காரணம். அவர் சட்டைப் பையில் எல்லாருக்கும் கொடுக்க ஒரு காரணம் இருக்கும் போலிருந்தது.

“அவன நீங்க இன்னா வேணா பண்ணிக்கோங்க சார்” என்றாள். குரல் உயரவில்லை. “நேத்து இதே எடத்துல நின்னு எங்க ஊட்டுக்காரருக்கு மன்னிப்பு குடுத்தீங்களே, அத்த மொதல்ல திருப்பி எடுத்துக்கோங்க. அப்புறமா இவனுக்கு குடுங்க.”

பரசுராமன் சார் ஜன்னலுக்கு வெளியே நிற்கிற லாரியைப் பார்த்தார். “அது சாலமோன் இல்லம்மா” என்றார் கடைசியில். “தப்பா பேசிட்டேன்.”

“நீ சொல்லுடா” என்றாள் ஜெகனைப் பார்த்து. “அவருதுன்னு நேத்து சொன்னது நீதான?”

“என்னுதுக்கா” என்றான். குரல் வெளியே வரவில்லை.

“ஹாரன்ல கேக்கல.”

“என்னுது. அண்ணன் இல்ல.”

குணாவுக்கு இதில் எல்லாம் அக்கறை இல்லை. அவனுக்கு மதியத்துக்குள் இன்னொரு கம்பெனிக்குப் போக வேண்டும். “மேடம், ஆளு ரெண்டு பேரு, பிரவுசரு ரெண்டு போதும். இந்த நரிய எடுத்துடறேன். தொந்தரவே இருக்காது.”

“அத்த உடுங்க. என்னுத எடுத்துடுங்க.”

“குரோமையா? அதுலதான் உங்க பாஸ்வேர்டு, தேடுனது எல்லாம் இருக்கு. மொத்தமா போயிடும். ஞாபகம் வெச்சிக்காத ஒண்ண வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?”

“தெனமும் அடிச்சிக்கிறேன்.”

குணா தோளைக் குலுக்கினான். மதியத்துக்குள் எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டான். நரியைத் திரும்ப வைத்து, பழைய செட்டிங்ஸ் எல்லாம் வேண்டுமா என்று கேட்டான். வேண்டும் என்றாள். எழுத்து இவ்வளவு பெரிதாகவா என்று கேட்டான். ஆமாம், இவ்வளவு பெரிதாகத்தான் என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலம் புதுவாயல் கூட்டு ரோட்டில், சார்ஜர், ஒயர் எல்லாம் தொங்கவிட்டு விற்கிற கடையில் ஒரு மவுஸ் வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய்க் கையை ஒரே ஒரு தடவை கழுவினாள். பூவைத் தானே வைத்தாள். மேரி அதைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

ஜெகனை வேலையை விட்டு எடுக்கவில்லை. அது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, தலையில் அதே பசை மணக்க, ஒன்றுமே நடக்காதவன் மாதிரி உள்ளே வந்தான்.

“இன்னாக்கா, இன்னிக்கி லோடு ஜாஸ்தியா?”

வேறு ரூம் இல்லை, வேறு கம்ப்யூட்டர் இல்லை. நாளைக் காலையில் இவன் சூடாக்கின நாற்காலியில்தான் அவள் உட்கார வேண்டும். அதை நினைத்தாலே முதுகு குறுகியது. நரியை அவன் கண்முன்னால் மூடினாள். திறந்து வெள்ளையைக் காட்டினாள். மறுபடி மூடினாள்.

“நம்பறேன்க்கா” என்று இளித்தான்.

அவள் குனிந்து, பின்னால் கையை விட்டு, தன் மவுஸின் ஒயரை உருவினாள். அதைத் துணியில் சுற்றிப் பைக்குள் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“அக்கா, மவுஸு?”

“உன்னுது டிராயர்ல கீது” என்றாள். “தொடச்சி வெக்கல.”